ஐந்தாவது காசோலை

மாதக் கடைசி நாளில் நிலைய அலுவலர் ஐந்து காசோலைகளில் கையெழுத்துப் போட்டார். நான்குக்கு வங்கி பணம் கொடுத்தது. ஐந்தாவது, மூலையில் ஒரு துண்டுச் சீட்டு குத்தப்பட்டு, அவர் மேசைக்கே திரும்பி வந்தது. அது அவருடைய சம்பளம்.

அவர் வேலை பார்த்தது குடிநீர்ப் பரிசோதனை நிலையத்தில். தபால் அலுவலகத்துக்கு மேல்மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில், ஊரின் குழாய்களிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் பிடித்து வந்த தண்ணீர் பாட்டில்கள் கழுத்தில் எண் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். இரண்டாவது அறையில் பரிசோதனை. மூன்றாவதில் ஜன்னலோரம் அவர் மேசை, எதிரே டைப்பிஸ்ட் மேசை. இவர்களோடு ஒரு டிரைவர், ஓர் ஆய்வக உதவியாளர், கூட்டிப் பெருக்க ஒரு பெண். நிலையத்தில் ஆள் அவ்வளவுதான்.

அலுவலகக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. ஒன்று அவருடையது, மற்றது கணக்காளருடையது. கணக்காளர் ஓய்வு பெற்று, எல்லோரிடமும் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு ஆள் வரவில்லை. புது ஆள் வரும்வரை நிலைய அலுவலர் ஒருவரே கையெழுத்திடலாம் என்று தலைமை அலுவலகம் கடிதம் அனுப்பியது. அந்தக் கடிதத்தை வங்கியும் வாங்கி வைத்துக்கொண்டது. ஆகவே சிக்கல் எதுவும் வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

காசோலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் அன்று மதியமே வங்கிக்குப் போனார். இரண்டு தெரு தள்ளித்தான் வங்கி. காசோலைகளைப் பார்த்து அனுப்பும் அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, படிக்க வேண்டியபோது மட்டும் இறக்குவார். இறக்கினார்.

"இது நான்தான் திருப்பினேன் சார். கணக்கு ஆபீஸோடது. கையெழுத்து உங்களோடது. பணம் வாங்கறவரும் நீங்கதான். இதுல உங்களத் தவிர வேற யாருமே இல்லையே."

"எங்க ஆபீஸ்ல வேற யாரும் இல்லையே மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

"மேல எழுதிக் கேளுங்க."

"மத்த நாலு செக்லயும் நான் மட்டும்தான் கையெழுத்து போட்டேன். அதுக்கெல்லாம் குடுத்தீங்களே."

"அது வேற ஆளுங்களுக்குப் போற பணம் சார்."

"அப்போ மத்தவங்களுக்குக் குடுக்க என்னை நம்புவீங்க. எனக்குக் குடுக்க நம்ப மாட்டீங்க."

"நம்பிக்கையப் பத்தி நான் பேசல சார். எங்க விதியப் பத்திப் பேசறேன்."

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் செருமினார். அலுவலருக்குக் காது மடல் சூடானது. இருபத்தாறு வருடமாக 'குடிக்க உகந்தது' என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டால், ஊர் முழுக்க மறுபேச்சில்லாமல் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. அதே கையெழுத்தை இந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு விரலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் காசோலையை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று சாயங்காலமே தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. டைப்பிஸ்ட்தான் அடித்தார். கடிதத்தை வைத்தே விஷயம் நிலையம் முழுக்கத் தெரிந்துபோனது. பாட்டில் பெட்டியை இறக்கி வைக்க மாடிக்கு வந்த டிரைவர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"சார் போட்டா எங்களுக்கு வருது, சாருக்கு வரல. அப்போ நாங்க போட்டா சாருக்கு வருமா?"

"போய் வண்டியக் கழுவு," என்றார் அலுவலர்.

வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருந்தாள். தெருவைப் பார்த்த முன்னறையில் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. புதுத் துணி தைப்பதில்லை, பழையதைச் சரிசெய்வது. கால்சட்டையின் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த கோட்டுக்கு உள்துணி போடுவது. பதினோரு வருடமாக நடக்கிற வேலை. அதை அவர் 'அவளுக்குப் பொழுது போகணுமே' என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அதில் என்ன வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று விஷயத்தைச் சொன்னதும் மனைவி மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்த மடிப்பை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, மெஷினின் பக்கத்து இழுப்பறையைத் திறந்தார்.

"எவ்வளவு வேணும்?"

"எவ்வளவு இருக்கு?"

"அத ஏன் கேக்கறீங்க. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க."

அவர் வாடகையைச் சொன்னார். மனைவி எண்ணிக் கொடுத்தார். மளிகையைச் சொன்னார். அதற்கும் கொடுத்தார். மின்சாரத்துக்கு அவர் கேட்கவே இல்லை. அது ஏற்கெனவே கட்டியாகிவிட்டதாம். எட்டு மாதமாகவே தான்தான் கட்டுவதாகவும், தினமும் மெஷின் ஓடுவதால் அது தன் செலவு என்று நினைத்ததாகவும் மனைவி சொன்னார். அலுவலர் பணத்தை மறுபடி ஒருமுறை எண்ணி மடித்துக்கொண்டார். பிறகு முகம் கழுவப் போனார்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'அதிகாரம் தெளிவாக வழங்கப்பட்டுள்ளது, வங்கியை அணுகவும்.' வங்கியை அணுகினார். "கையெழுத்து போடலாம்னு இருக்கு சார். உங்களுக்கு நீங்களே குடுத்துக்கலாம்னு இல்லையே," என்றார் அந்த அதிகாரி, மரியாதையாகத்தான். இரண்டாவது மாதமும் நான்கு காசோலைகள் பணமாயின, ஐந்தாவது திரும்பியது. மறுபடி கடிதம் எழுதினார். 'கணக்காளர் விரைவில் நியமிக்கப்படுவார்' என்று ஒற்றை வரி வந்தது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆய்வக உதவியாளர், தன் பேருக்கு ஒரு காசோலை எழுதினால் அன்றே பணமாக்கிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். மனைவிகூட ஒருநாள் சாப்பிடும்போது, "என் பேருக்கு எழுதுங்களேன், நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்று கேட்டார்.

"நீ அங்க வேலையா பாக்கற? பொய்க் கணக்கு எழுதச் சொல்றியா?"

"சும்மா கேட்டேன். உங்க முகத்தப் பாக்கலாம்னுதான்."

சம்பளம் வராததைவிட அவருக்குக் கஷ்டமாக இருந்தது காலையில் பேருந்துக் காசு வாங்குவது. முதல் வாரம் அதைக் கேட்க வாய் வராமல் ஒருநாள் அலுவலகத்துக்கு நடந்தே போனார். வியர்த்து விறுவிறுத்து மாடியேறியவரைப் பார்த்து டைப்பிஸ்ட் எழுந்து மின்விசிறியைக் கூட்டினார். அன்று இரவு மனைவிக்கு விஷயம் தெரிந்தது. மறுநாளிலிருந்து அவருடைய சட்டைப்பையில் சில்லறை தானாகவே இருந்தது. முடி வெட்டிக்கொள்ளப் பணம் கேட்க மட்டும் அவருக்குப் பத்து நாள் ஆயிற்று. "இத்தனை நாளா இத கேக்கத்தான் காதுக்கு மேல ரெண்டு பக்கமும் புதர் வளத்தீங்களா?" என்றார் மனைவி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சும்மா வாங்கித் தின்கிறோம் என்ற உறுத்தலில்தான் அவர் முதலில் தையலைப் பிரிக்க உட்கார்ந்தார். பழைய மடிப்பைப் பிரிப்பது நேரம் தின்னும் வேலை. துணி கிழியாமல் ஒவ்வொரு நூலாக அறுத்து எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் பழகிய கை. ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளந்த விரல்களுக்கு அது நன்றாகவே வந்தது. இரண்டு மூன்று நாளில் மனைவி அவருக்கென்று ஒரு முக்காலியையும் சின்னப் பிரிப்பூசியையும் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு கால்சட்டை பிரித்துவிடுவார். பக்கத்தில் ரேடியோ மெதுவாக ஓடும். மனைவி வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தைப்பார். யார் மெலிந்தார்கள், யார் பெருத்தார்கள், எந்த வீட்டில் அண்ணன் சட்டையைக் குறைத்துத் தம்பிக்குப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அப்போதுதான் தெரிய வந்தது. இத்தனை வருடம் இந்த நேரத்தில் அவர் உள்ளறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாதச் சம்பளக் காசோலையும் திரும்பிய வாரம், சனிக்கிழமை, கோட்டு ஒன்றை வாங்கிப்போக ஒரு பெண்மணி வந்தார். அலுவலர் நிமிரவில்லை. "அக்கா, கோட்டுக் கை சரியாயிடுச்சா?" என்ற குரலைக் கேட்டுத்தான் நிமிர்ந்தார். கண்ணாடி தலைமேல் இருந்தது.

வங்கி அதிகாரியும் அவரைப் பார்த்துவிட்டார். முழங்காலில் கிடந்த கால்சட்டையையும் கையிலிருந்த பிரிப்பூசியையும் பார்த்தார். 

"சார் இங்க..." என்று ஆரம்பித்தார் அவர்.

"என் வீடு," என்றார் அலுவலர்.

மனைவி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். "இவங்களா உங்க செக்க திருப்பினவங்க?"

அலுவலர் தலையை மட்டும் ஆட்டினார். இனி என்ன நடக்குமோ என்று மனைவியின் கையையே பார்த்தார். மனைவி கோட்டை உதறி, மடித்து, காகிதத்தில் சுற்றினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சும்மா. பதினோரு வருஷத்துல இவரு இந்த மெஷின் பக்கத்துல வந்து உக்காந்தது இப்பத்தான். உக்காருங்க, டீ போடறேன்."

வங்கி அதிகாரி தயங்கி, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மனைவி உள்ளே போனதும் அலுவலர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். வங்கி அதிகாரி தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல சார். இதுக்கு முன்னாடி நான் இருந்த கிளைல இதே மாதிரி ஒருத்தர். அவரே எழுதி, அவரே கையெழுத்து போட்டு, அவரே வாங்குவாரு. ரொம்ப மரியாதையானவர். என் பொண்ணு பேரக்கூட கேட்டு வச்சிருப்பாரு. ரெண்டு வருஷம் நானும் குடுத்தேன். கடைசில பாத்தா மாசத்துக்கு ரெண்டு சம்பளம் எடுத்திருக்காரு. அவரு போனாரு, சரி. என்னையும் ஆறு மாசம் வீட்டுல உக்கார வச்சாங்க. அப்புறம் நான் தப்பு பண்ணலன்னு தெரிஞ்சுது. ஆனா அந்த ஆறு மாசம்..."

அலுவலர் பிரிப்பூசியைக் கீழே வைத்தார். இரண்டு மாதமாக இந்த அம்மாளை மனதுக்குள் எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறோம் என்று நினைத்து அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நீங்க முதல் நாளே இத சொல்லியிருக்கலாமே மேடம்."

"வரிசைல அத்தனை பேர் நிக்கும்போதா?"

அதுவும் சரிதான். டீ வந்தது. அதைக் குடித்து முடிக்கும்போது வங்கி அதிகாரி இன்னொன்றையும் சொன்னார். "நீங்க ஏன் கணக்காளருக்காகவே காத்துக்கிட்டிருக்கீங்க? ரெண்டாவது கையெழுத்து கணக்காளரோடதாத்தான் இருக்கணும்னு நாங்க கேக்கலையே. உங்க ஆபீஸ்ல நிரந்தர வேலைல இருக்கற யாரா இருந்தாலும் போதும். தலைமை அலுவலகத்துல ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே கையெழுத்து கார்டு போட்டுடறேன்."

டிரைவர் இரண்டு மாதம் முன்பே வாசலில் நின்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான். டிரைவர் ஒப்பந்த ஆள், உதவியாளரும் கூட்டிப் பெருக்கும் பெண்ணும் அப்படியே. நிரந்தரம் என்றால் டைப்பிஸ்ட் ஒருவர்தான்.

திங்கட்கிழமை அவரிடம் சொன்னபோது டைப்பிஸ்ட் விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். பதினாறு வருடமாக அந்த மேசையில் இருப்பவர். ஒரு எழுத்துப் பிழைகூட வெளியே போகவிடாதவர். ஆனால் யாராவது அதிர்ந்து பேசினால் கழிவறைப் பக்கம் போய் நின்றுவிடுவார்.

"எனக்கெதுக்கு சார் இந்த வம்பு. நான் அடிக்கிறவ. கையெழுத்து நீங்கதான் போடணும்."

"நான் போட்டுப் போட்டுத்தான் மூணு மாசமா சம்பளம் இல்லாம உக்காந்திருக்கேன்."

"நான் போட்டு ஏதாவது தப்பாயிடுச்சுன்னா?"

"தப்பா தெரிஞ்சா போடாதீங்க. அதுக்குத்தான் ரெண்டு பேர்."

அவர் மதியம்வரை யோசித்தார். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு வந்து, "சரி சார். ஆனா படிச்சுப் பாக்காம போட மாட்டேன்," என்றார்.

இந்த முறை அலுவலர் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. யாரிடமும் போய் நிற்பது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காததால்தான் இத்தனை நாள் கடிதமாகவே எழுதிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து, நான்கு மணி நேரம் உட்கார்ந்து, தலைமை அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவு மேலாளரின் மேசைமுன் போய் நின்றார். மேலாளர் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு மாசமா சம்பளம் வாங்கலையா?"

"இல்லைங்க."

"கடிதத்துல 'காசோலை தொடர்பான நடைமுறைச் சிக்கல்'னு எழுதியிருக்கீங்க. 'எனக்கு சம்பளம் வரல'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா நாங்க அன்னைக்கே பாத்திருப்போமே."

அந்த வரியை எழுதக் கூச்சப்பட்டு, அலுவலர்தான் டைப்பிஸ்டிடம் அதைச் சுற்றிவளைத்து அடிக்கச் சொல்லியிருந்தார். சாப்பாட்டு வேளைக்கு முன் உத்தரவு கைக்கு வந்துவிட்டது.

அந்த வாரம் முழுவதும் டைப்பிஸ்ட் ஓய்ந்த நேரத்திலெல்லாம் கையெழுத்துப் பழகினார். வருகைப் பதிவேட்டில் பதினாறு வருடமாக அவர் போட்டுவந்தது வெறும் தலைப்பெழுத்துதான். முழுக் கையெழுத்து என்று ஒன்று அவருக்கு இருந்ததே இல்லை. வீணான தாள்களின் பின்பக்கத்தில் சாய்த்து ஒன்று, நேராக ஒன்று, அடியில் கோடு இழுத்து ஒன்று என்று போட்டுப் பார்த்தார். கூட்டிப் பெருக்கும் பெண் குப்பைக்கூடையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "கோடு இழுத்ததுதாங்க்கா எடுப்பா இருக்கு," என்றாள். அதுவே முடிவாயிற்று.

வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையில் மூன்று முறை போட்டுக் கொடுத்தார். அது நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்று மாதச் சம்பளத்துக்கான காசோலை முன்னால் வந்தபோது அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டு கையெழுத்திட்டார். கோடு நேராகப் போகாமல் வழியில் ஏறி இறங்கியது. மறுநாள் காசோலை திரும்பி வந்தது. துண்டுச் சீட்டில் 'இரண்டாவது கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று இருந்தது.

டைப்பிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னால இதுவும் போச்சு சார்."

ஆனால் அலுவலர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. உதவியாளர் பரிசோதனை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இத்தனை நாளா என் கையெழுத்து ஒத்துப்போச்சு, செக்கு போகல. இப்போ செக்கு போகலாம், கையெழுத்துதான் ஒத்துப்போகல. வாங்க, போய் அவங்க முன்னாடியே போடலாம்," என்றார் அலுவலர்.

இருவரும் போனார்கள். வங்கி அதிகாரி புதுக் காசோலையை வாங்கி, தன் பேனாவையே டைப்பிஸ்டிடம் கொடுத்தார். "அவசரமே இல்ல. தண்ணி குடிச்சிட்டு போடுங்க." டைப்பிஸ்ட் தண்ணீர் குடித்தார். தொகையைப் படித்தார், தேதியைப் படித்தார், மறுபடி தொகையைப் படித்தார். பிறகு போட்டார். அதிகாரி கண்ணாடியை இறக்கி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை குத்தினார்.

அன்று சாயங்காலம் அலுவலர் பணத்தைக் கொண்டுபோய் மெஷின்மேல் வைத்தார்.

"உனக்கு எவ்வளவு குடுக்கணும்?"

"எதுக்கு?"

"மூணு மாசம் குடுத்தியே."

மனைவி மெஷினை நிறுத்தினார். "கடன்னு யார் சொன்னா? வீட்டுக்கு செலவு பண்ணேன். நீங்க இருபத்தஞ்சு வருஷம் பண்ணீங்க, திருப்பிக் கேட்டீங்களா? எடுத்து உள்ள வைங்க, மெஷின் எண்ணெய் ஒட்டிடப்போகுது."

அவர் எடுத்து உள்ளே வைத்தார். திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். இனி உட்கார வேண்டிய அவசியமில்லை என்பது இருவருக்குமே தெரியும். மனைவி ஒரு கால்சட்டையை அவர் மடியில் போட்டார்.

பத்து நாள் கழித்து, தலைமை அலுவலகம் போய்வந்த செலவுக்கான பட்டியலை அலுவலர் எழுதி எதிர் மேசையில் வைத்தார். பேருந்துக் கட்டணம் போகவர, பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு டாக்ஸி. டைப்பிஸ்ட் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். எழுந்து வந்து அவர் முன்னால் நின்றார்.

"சார், டாக்ஸிக்கு ரசீது இல்லையே."

"அவன் குடுக்கலம்மா. கேட்டேன், புத்தகம் தீந்துடுச்சுன்னான்."

"போனீங்கன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா ரசீது இல்லாம நான் எப்படி போடறது?" குரல் மெலிந்திருந்தது. ஆனால் அவர் கழிவறைப் பக்கம் போகவில்லை, அங்கேயே நின்றார்.

சின்னத் தொகைதான். அலுவலர் பேனாவை எடுத்து 'டாக்ஸி' என்ற வரியை அடித்து, கூட்டுத்தொகையைத் திருத்தி, பக்கத்தில் தலைப்பெழுத்தைப் போட்டார்.

"இப்போ சரியா?"

"சரி சார்," என்று டைப்பிஸ்ட் வாங்கிக்கொண்டு போய்க் கையெழுத்திட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "டாக்ஸிக் காசு போச்சா?"

"போச்சு."

"வருத்தமா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அந்தப் பொண்ணு ஆபீஸப் பாத்துக்குவா."

"ஒருநாள் சாப்பிட வரச் சொல்லுங்க," என்றார் மனைவி. வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜிப் போன பையோடு ஒரு பள்ளி ஆசிரியை நின்றார். மனைவி கை வேலையாக இருந்ததால் அலுவலர் எழுந்து போய்ப் பையை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வியாழக்கிழமை கிடைக்கும் என்றார்.